ரோஜாவும் சாம்பலும்
2018இலும் 2024இலும் காதலர் தினமும் கிறித்தவர்களின் நோன்புக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் ஒரே நாளில் வந்தபோது, கொண்டாடுவதா நோன்பிருப்பதா என்று பலர் குழம்பினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரைப் பார்த்தால் குழப்பம் தீரும். அங்கே 1747இல் எழுந்த பெரியநாயகி மாதா கோயிலில் ஈஸ்டரையொட்டிப் பாஸ்கா என்னும் இயேசுவின் பாடுகளின் நாடகம் நடக்கும். அதைத் தொடரும் தேருக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். பாஸ்காவின் கடைசி இராவுணவுக் காட்சியில், இயேசுவை மறுதலிக்கப்போகும் பேதுருவுக்கும் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசுக்கும் ஒரே பந்தியில்தான் அப்பம். பதிலுக்கு எதுவும் தராதவரையும் விலக்காத அன்பு அது. காதலர் தினத்தை இந்த அன்போடு ஒப்பிடுவது காதலைத் தாழ்த்துவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது, ஆண் பெண் காதலைப் பாடும் இனிமைமிகு பாடலுக்கு விவிலியமே இடம் தந்திருக்கிறது. சிக்கல் காதலில் இல்லை, ‘கொடுத்தேனே, நீயும் கொடு’ என்கிற கணக்கில்தான். காதலை மறுத்த பெண்மீது அமிலம் வீசுகிறவன் அந்தக் கணக்கைத்தான் தீர்க்கிறான்; காதலர் தினத்தில் திருச்சபை பேச வேண்டியதும் அவனிடம்தான்.