முகம் காட்டாமல் பார்ப்பவர்கள்

1958 ஜூன் மாதம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள ஆனந்தமங்கலம் இராஜகோபாலசுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகளைப் படம் எடுத்து வைத்தார்கள். 1978இல் அவை களவு போயின. நாற்பது ஆண்டு கழித்து, ‘இந்தியா பிரைட் ப்ராஜெக்ட்’ என்னும் தன்னார்வக் குழு, அந்த ராமர் பிரிட்டனில் இருக்கக்கூடும் என்று 2019இல் லண்டன் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. வாங்கி வைத்திருந்தவர் தாமாகவே திருப்பிக் கொடுத்தார். 2020 செப்டம்பரில் மூன்று சிலைகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

இக்குழுவினரிடம் கைத்துப்பாக்கியும் இல்லை, சோதனை ஆணையும் இல்லை. அருங்காட்சியகப் பக்கங்கள், ஏல நிறுவனப் பட்டியல்கள், சமூக ஊடகங்களில் எவரும் காணும்படி இருக்கும் படங்கள் ஆகியவற்றைப் பழைய ஆவணங்களோடு ஒத்துப்பார்ப்பதே இத்தகைய தேடலின் வழி. நம் குடவாசல் பகுதி இளைஞர்கள் சிலருக்கும் இந்த ஆர்வம் வந்தால் வியப்பில்லை. சிலை வழக்குகளில் உலகப் புகழ்பெற்ற பத்தூர் நடராசர் நம் திருவாரூர் மாவட்டத்துக்காரர். லண்டன் நீதிமன்றம் வரை வழக்காடி 1991இல் நாடு திரும்பியவர்.

கேள்வி இதுதான்: பிறர் பதிவுகளை, பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாமல் பார்ப்பது முறையா?

முறைதான் என்போரின் வாதத்தில் வலு இருக்கிறது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைத் திறந்தால் பார்த்தவர் பெயர் பதிவிட்டவருக்குத் தெரிந்துவிடும். லிங்க்ட்இன்னில் பொதுவாக யார் நம் பக்கத்துக்கு வந்தார் என்பதே காட்டப்படும். களவுச் சிலையைக் கைமாற்றும் தரகர், ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெயரை அங்கே கண்டால் அன்றிரவே படத்தை நீக்கிவிடுவார். தேடுபவருக்கு மிரட்டலும் வரலாம். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட ‘பெர்க்லி நெறிமுறை’யும், தேடுபவரின் பாதுகாப்புக்காக அடையாளத்தை மறைப்பதை ஏற்றுக்கொள்கிறது.

மறுதரப்பின் அச்சமும் தள்ளிவிடக் கூடியதல்ல. தேரோட்டத்தன்று மகளோடு எடுத்த படத்தை ஒரு தாய் பொதுவில் போடுகிறார். மகளின் பள்ளிச் சீருடை ஒரு படத்தில், வீட்டு வாசல் இன்னொன்றில், வெளியூர் போகும் நாள் மற்றொன்றில். தனித்தனியே எதுவும் ரகசியமில்லை. ஒருவர் உட்கார்ந்து சேர்த்தால் அது ஒரு குடும்பத்தின் வரைபடம். திண்ணை தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதற்காக யார் வருகிறார், யார் போகிறார் என்று எதிர்வீட்டுக்காரர் நோட்டுப் போட்டு எழுதினால் பொறுப்போமா? 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. ஆனால் 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வைத்த தரவைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. சட்டம் விட்ட இடத்தை நம் நாகரிகம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

இரு தரப்பும் சந்திக்கும் இடம் உண்டு என்றே நினைக்கிறோம். முதலாவது, திறந்திருப்பதைப் பேர் சொல்லாமல் பார்க்கலாம். பூட்டியதைத் திறக்கப் பொய் சொல்லக் கூடாது. போலிப் பெயரில் நட்பு அழைப்பு அனுப்பி உள்ளே நுழைவது பார்ப்பதல்ல, ஏமாற்றுவது. கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு போலீசார் வாங்குபவர் போல நடித்துப் பலரைப் பிடித்ததுண்டு. அவர்கள் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நமக்கு அந்த உரிமையும் இல்லை, அந்தக் கடிவாளமும் இல்லை.

இரண்டாவது, தேடல் சிலையைப் பற்றியதாக இருக்கட்டும், ஆளைப் பற்றியதாக வேண்டாம். கிடைத்ததை இணைப்பு, நாள், நேரத்தோடு சேமித்துக் காவல் துறையிடம் கொடுப்பதோடு பணி முடிகிறது. “இவன்தான் திருடன்” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சந்தேகத்துக்குரியவர் தப்புவார், அல்லது குற்றமற்றவர் ஒருவர் ஊரில் தலைகாட்ட முடியாமல் போவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகம் காட்டாமல் பார்ப்பவர்களில் திருடனும் உண்டு. உற்சவர் எந்த அறையில், பூட்டு எப்படி, கேமரா எங்கே என்பதையெல்லாம் நம் திருவிழா நேரலைகளே காட்டிக் கொடுக்கின்றன. ஒருகால பூசையோடு நிற்கும் சிற்றூர்க் கோயில்களுக்கு இது விளையாட்டல்ல. சுவாமியைக் காட்டுங்கள், சாவி இருக்கும் இடத்தைக் காட்டாதீர்கள்.

எவ்வளவு தேடினாலும் ஒப்பிடப் பழைய படம் இல்லாவிட்டால் பயனில்லை. ஆனந்தமங்கலத்துக்கு 1958இன் படம் இருந்தது. எத்தனையோ கோயில்களுக்கு அது இல்லை. அந்தப் படம் உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் பின்னணியிலோ, கும்பாபிஷேக மலரின் நடுப்பக்கத்திலோ, மூடிப்போன ஸ்டுடியோவின் நெகடிவ் பெட்டியிலோ இருக்கக்கூடும். தேடி எடுத்து, ஆண்டும் கோயில் பெயரும் பின்னால் எழுதி, ஒரு பிரதியைக் கோயில் செயல் அலுவலரிடமும் இன்னொன்றை சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவிடமும் கொடுங்கள்.