மீதி வைக்காத எண்கள்

காஞ்சீபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுரசாலை நடந்ததை அது தெரிவிக்கிறது. படித்தவர்கள் ஆஸ்பத்திரியை எண்ணி வியப்பது வழக்கம். நாம் அதன் நெல் கணக்கைச் சற்றுக் கவனிப்போம்.

வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம். சல்லியக்கிரியை செய்வோருக்கு 30 கலம். பணிப்பெண்டிர் இருவருக்குமாக 30 கலம். ஒரு கலம் 12 குறுணி. ஒரு குறுணி 8 நாழி. ஆண்டை 360 நாளாக வைத்துக் கொண்டால், தினம் வைத்தியருக்கு 3 குறுணி, சல்லியக்கிரியைக்காரருக்கு 1 குறுணி, பணிப்பெண் ஒருத்திக்கு 4 நாழி. மீதி என்ற பேச்சே இல்லை!

கலத்துக்கு 10 குறுணி என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வைத்தியருக்கு அப்போதும் சரியாக 20 நாழி கிடைத்துவிடும். பணிப்பெண்ணுக்கோ மூன்று நாழியும், பிறகு ஒரு நாழியில் மூன்றிலொரு பங்கும் வரும். அந்தத் துண்டுப் பங்கை அளப்பவர் கை சற்றே தாழ்ந்தால், நஷ்டம் யாருக்கு? சிறிய கூலிக்காரிக்குத்தான்.

10-ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 5, 10 என நான்கே. 12-ஐ வகுப்பவையோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வகு எண்கள் கிடையா. 60-க்குப் பன்னிரண்டு, 360-க்கு இருபத்து நான்கு. நாளுக்கு 60 நாழிகை வகுத்த நம் முன்னோர் கெட்டிக்காரர்கள்தாம்.

இவ்வாறு தமக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகு எண்களைக் கொண்டவற்றுக்கு 'மிகு பகு எண்கள்' என்று பெயர். இவற்றை ஆராய்ந்தவர், சிறு வயதில் சில காலம் காஞ்சீபுரத்திலே பள்ளியில் படித்த ஸ்ரீநிவாச ராமானுஜன். 1915-இல் லண்டன் கணித சங்கத்தார் அவருடைய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டமும் கிடைத்தது.

அவருடைய அட்டவணையின் கடைசி எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் அது வரும். அதன் வகு எண்கள் 10080. பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக, எடுக்கும் தடவை குறையுமேயொழியக் கூடாது என்பது ராமானுஜன் காட்டிய விதிகளுள் ஒன்று.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் போட்ட அந்த நீண்ட அட்டவணையில் ஓர் எண் மட்டும் விட்டுப் போயிற்று: 293318625600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் கடைசி எண்ணே வந்து நிற்கும்!

வீட்டிலே கணக்கில் ஆவலுள்ள குழந்தைகள் இருந்தால் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள். 12-க்கு அடுத்த மிகு பகு எண் எது, அதற்கும் அடுத்தது எது என்று 60 வரையில் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.