எதற்கெடுத்தாலும் 'போர்மட்' தானா?

உளவு மென்பொருளை நீக்கியபின் இணையம் வேலை செய்யாவிட்டால், திருத்துநர் பலர் கூறும் ஒரே மருந்து 'போர்மட்'. அது அவசரம். சில உளவு மென்பொருள்கள் இணைய இணைப்பின் சங்கிலியில் ஒரு கண்ணியாகப் புகுந்துகொள்பவை; அவற்றைப் பிடுங்கும்போது சங்கிலி அறுகிறது. விண்டோஸின் 'வின்சொக்' அமைப்பை மீளமைத்தால் பெரும்பாலும் சீராகிவிடும்.

காவலனும் தவறுவதுண்டு. 2010 ஏப்ரல் 21இல் மெக்காஃபி, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றை நச்சுநிரலெனக் கருதி அகற்ற, கணினிகள் ஓயாமல் மீளத் தொடங்கின. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான இற்றைப்படுத்தல் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. இரண்டிலும் பழுதுற்றது இயங்குதளமே, ஆவணங்கள் அல்ல.

1990இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரையில் குடியேறிய முஸ்லிம்களுக்குக் கணினியிலுள்ள காணி உறுதிப் பிரதி வெறும் கோப்பன்று. சொந்த மண்ணின் சான்று. அத்தகையவற்றை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே எவரும் வன்தட்டைத் தொடட்டும்.