சரிவைப் பேசவும் ஆள் வேண்டும்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். 2025ஆம் ஆண்டில் அப்படிச் சறுக்கிய ஆனை லிவர்பூல். 2024-25 பருவத்தில் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை 20ஆவது முறையாக வென்ற அணி அது. அடுத்த பருவத்திலோ செப்டம்பர் 27 முதல் நவம்பர் 22 வரை ஆடிய ஏழு லீக் ஆட்டங்களில் ஆறில் தோற்றது. அவற்றில் கடைசித் தோல்வி, சொந்தத் திடலில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0-3. அந்த ஆட்டம் முடிந்தபோது மலேசியாவில் விடியற்காலை ஒரு மணி. எங்கள் ஊரான டெங்கிலில் மமாக் கடை நாற்காலிகள் மட்டும் காலியாகவில்லை.

பயிற்றுநர் ஆர்னே ஸ்லாட்டை உடனே நீக்க வேண்டும் என்றார் ஒருவர். சாலாவின் வேகம் போய்விட்டது என்றார் இன்னொருவர். 125 மில்லியன் பவுண்டு கொட்டி வாங்கிய ஈசாக் எங்கே என்று மூன்றாமவர் மேசையைத் தட்டினார். “மச்சான், ட்ரெண்ட் போனதுலதான் நாம விழுந்தோம்” என்றான் என் நண்பன். கோடையில் கார் விபத்தில் இறந்துபோன தியோகோ ஜோட்டாவை நினைவுபடுத்தியவர் ஒருவர்தான். நண்பனைப் புதைத்துவிட்டு வந்து பந்து உதைப்பவர்களுக்கு மனம் என்று ஒன்று இருக்காதா என்று அவர் கேட்டபோது மேசை சற்று நேரம் அமைதியானது.

இந்த விவாதங்களை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஒரு தோல்விக்குப் பயிற்சி, பணம், வயது, துக்கம் எனப் பல காரணங்களை அடுக்கிப் பார்ப்பது சாதாரணத் திறமையன்று. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அது என் நண்பன் சொன்ன ‘நாம’ என்ற சொல். பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அணி எப்படி ‘நாம்’ ஆயிற்று? அரை மணி நேரப் பயணத்தில் இருந்த அணி ஏன் கடைசிவரை ‘அவர்கள்’ ஆகவே இருந்தது?

அந்த அணியை நம்மில் பலர் இதற்குள் மறந்திருக்கலாம். மலேசிய இந்தியர்களின் காற்பந்து அணியாக மிஃபா என்ற பெயரில் வளர்ந்து, 2017இல் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கான பிரிமியர் லீக்கில் கால் பதித்த அணி அது. 2019இல் பெட்டாலிங் ஜெயாவின் பெயரைத் தாங்கி சூப்பர் லீக்கிற்கே உயர்ந்தது. 2021, 2022 ஆகிய இரு பருவங்களிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பி. மணியம் பயிற்சியில் உள்ளூர் இளைஞர்களை மட்டுமே நம்பிக் களமிறங்கியது. மற்ற அணிகள் பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இரு பருவங்களிலும் கிண்ணம் எதையும் அந்த அணி வெல்லவில்லை. 2022 பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது.

2022இல் அப்பாவோடு கிளானா ஜெயாவிலுள்ள அரங்கத்திற்கு அந்த அணியின் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறேன். கோட்டருகே நின்று பயிற்றுநர் ஆட்டக்காரர்களை அதட்டும் குரல் மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு அமைதி! அணி விலகிய செய்தி வந்த வாரம் எங்கள் ஊர்க் கடையில் அதைப் பற்றி யாரும் மேசையைத் தட்டவில்லை. அன்றும் பேச்சு இங்கிலாந்தைப் பற்றித்தான். ஓர் அணி தோற்பது சரிவு. அது தோற்றதையும் போனதையும் கேட்க ஆளில்லாமல் போவதுதான் முடிவு என்று எனக்குப் பட்டது.

டெங்கில் மக்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. புத்ராஜெயா நகரை எழுப்புவதற்காக 1990களில் பெராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் இங்குள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் விட்டு வந்தவற்றுள் தோட்டத்துத் திடலும் ஒன்று. எங்கள் தாத்தா பழைய கதை பேசும்போதெல்லாம் அந்தத் திடல் வந்துவிடும். தோட்டத்து அணி தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் மறுநாள் பெரட்டுக் களத்திலேயே விசாரணை தொடங்குமாம். கோல் விட்டவன் அங்கேயே நிற்பான். ஏச்சு அவன் காதில் விழும். சாயங்காலம் ஏசியவரே அவனைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போய் பந்து பிடிக்கப் பழக்குவார். ஏசுவதும் தூக்கிவிடுவதும் ஒரே ஆளின் வேலையாக இருந்த காலம் அது. இன்று நாம் ஸ்லாட்டை எவ்வளவு ஏசினாலும் அது அவர் காதுக்கு எட்டப் போவதில்லை. அவரைத் தூக்கிவிடவும் நம்மால் முடியாது.

உள்ளூர்க் காற்பந்துக்குத் தரமில்லை, அதனால் பார்ப்பதில்லை என்பது பலரும் சொல்லும் பதில். தரம்தான் காரணம் என்றால், ஏழில் ஆறு ஆட்டம் தோற்ற அணிக்காக விடியற்காலை வரை விழித்திருந்தது எதற்காக? தரத்தைப் பார்த்து வருவது இரசனை. தரம் போன பிறகும் உட்கார்ந்திருப்பது பாசம். பாசம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நிருவாகம் சரியில்லை, சம்பள பாக்கி, அப்படிப்பட்ட லீக்கை நம்பி எப்படிப் போவது என்று இன்னொரு பதிலும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. 2023 பருவத்திற்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் அணிகளுக்கு உரிமம் மறுக்கப்பட்டதை நாடே பார்த்தது. இரசிகர் வந்திருந்தால் மட்டும் பணச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. ஆனால், காலி இருக்கைகளைக் காட்டி எந்த நிறுவனத்திடம் விளம்பரப் பணம் கேட்பது? கேள்வி கேட்க இரசிகர் இல்லாத அணியின் நிருவாகம் யாருக்குப் பதில் சொல்லப் போகிறது?

நம் அணியை நாமே ஏசி, நாமே தாங்கிய நாள் ஒன்று இருக்கிறது. 2010 டிசம்பர் 1ஆம் தேதி, ஏ.எஃப்.எஃப். கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் மலேசியா 1-5 என இந்தோனேசியாவிடம் நொறுங்கியது. பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த இரவு தானும் அவரை ஏசியதாக அப்பா சொல்வார். அதே அப்பா டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் இருந்தார். இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் அதே இந்தோனேசியாவை நம்மவர்கள் 3-0 என வீழ்த்தினார்கள். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் மலேசியா அந்தக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. டிசம்பர் 1ஆம் தேதியோடு எல்லாரும் கைகழுவியிருந்தால் அரங்கம் அப்படி நிரம்பியிருக்குமா?

லிவர்பூலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த விவாதத்தில் பாதியை இங்கே கொண்டு வாருங்கள் என்கிறேன். 2015இல் 33ஆவது முறையாக மலேசியக் கிண்ணத்தை ஏந்திய சிலாங்கூர் நம் மாநில அணி. பருவத்தில் இரண்டு ஆட்டத்திற்காவது நம் கழகம் ஒரு பேருந்து ஏற்பாடு செய்யலாம். ஆட்டம் முடிந்த பின் நம் மாணவர் ஒருவர் அதைத் தமிழில் எழுதலாம்; மற்றவர் மறுத்து எழுதலாம். பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்ட அண்ணன்மார்களும் அக்காமார்களும் தாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் காற்பந்துக் குழுவுக்குக் காலணி வாங்கித் தருவதோடு நிற்காமல், ஒரு சனிக்கிழமை காலை திடலோரம் வந்து நிற்கலாம். தோற்றால் ஏசலாம். அந்தப் பையனுக்கு அது கேட்கும்.

அடுத்த முறை நம் அணி ஒன்று சரியும்போது, அது ஏன் சரிந்தது என்று கத்துவதற்காவது நம்மில் நால்வர் இருக்கட்டும்.