புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பரை நம்பாதே மச்சி!

2024 மே 29. டெல்லி முங்கேஷ்பூர்ல இருக்கிற தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ்னு காட்டுச்சு. நாடே அலறுச்சு. ஆனா, அன்னிக்கு டெல்லியோட மத்த நிலையங்கள்ல பதிவான உச்சமே 45.2-லேர்ந்து 49.1 வரைக்கும்தான். வானிலைத் துறை ஆய்வு பண்ணிப் பார்த்தா, முங்கேஷ்பூர் சென்சார் 3 டிகிரி கூடுதலா காட்டியிருக்கு!

டெல்லி கதை நமக்கெதுக்குன்னு கேட்காதீங்க. ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த இன்ஜினீயரிங் காலேஜ் லேபுக்குப் போனாலும், டெம்பரேச்சர் சென்சார் வெச்சு ஒரு ப்ராஜெக்ட் ஓடிட்டு இருக்கும். அதுல பாப்புலர் ஆளு டிஎஸ்18பி20. 0.0625 டிகிரி மாறினாக்கூட கண்டுபிடிச்சுடும். டிஸ்ப்ளேல 27.06னு வந்தா நாமளும் அசந்துடுவோம். ஆனா, மைனஸ் 10-லேர்ந்து 85 டிகிரி வரைக்கும் அதோட துல்லியம் கூட்டியோ குறைச்சோ 0.5 டிகிரிதான்னு டேட்டாஷீட்டே சொல்லுது. அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுற வாட்ச்லகூட விநாடி முள் அழகாத்தான் சுத்தும் பாஸ்!

இன்னொரு வில்லன், 'டிரிஃப்ட்'. சூடு, ஈரம், வருஷக்கணக்கான உழைப்புன்னு சென்சார் கொஞ்சம் கொஞ்சமா தடம் மாறும். 125 டிகிரியில 1,000 மணி நேரம் வாட்டின டெஸ்ட்டை வெச்சு, டிரிஃப்ட் 0.2 டிகிரின்னு அதே டேட்டாஷீட் போட்டிருக்கு. அது ஒரிஜினல் பீஸுக்கு. மார்க்கெட்ல சுத்துற டூப்ளிகேட்டுக்கு யார் கேரன்ட்டி?

அரை டிகிரிக்கு இவ்ளோ பில்டப்பான்னு தோணுதா? பெரும்பாலான தடுப்பூசிகளை 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். நீங்க செஞ்ச வாக்சின் பாக்ஸ் 7.7 காட்டுது, பஸ்ஸர் கத்தலை. நிஜத்துல உள்ளே 8.2 இருந்தா? அந்த ஊசி ஏதோ ஒரு குழந்தைக்குப் போகப் போகுது. அதனால பஸ்ஸர் எல்லையை 2.5, 7.5னு உள்ளே தள்ளி வைங்க.

செக் பண்ண பெரிய லேப் வேணாம். ஒரு ஃபிளாஸ்க் நிறைய நொறுக்கின ஐஸ், இடுக்குல நிரம்புற அளவுக்குச் சுத்தமான தண்ணி. வாட்டர்ப்ரூஃப் சென்சாரை அடியிலயும் பக்கத்துலயும் படாம நடுவுல விட்டு, கலக்கிட்டே சில நிமிஷம் காத்திருங்க. 0 வரணும். 0.4 வந்தா, ஐஸ் பக்கத்துல அதுதான் உங்க பிழை. வேற சூட்டுல அது மாறலாம்கிறதையும் மறந்துடாதீங்க. தேதி போட்டு எழுதி வைங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி செய்யுங்க. நம்பர் நகர்ந்திருந்தா, சென்சார் டிரிஃப்ட் ஆகுதுன்னு அர்த்தம்.

1964-ல ஆரம்பிச்ச அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போறவங்க, அங்கே மீட்டர்கள்ல காலிப்ரேஷன் ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. எப்போ செக் பண்ணினது, அடுத்து எப்போன்னு ரெண்டு தேதி இருக்கும். உங்க ப்ராஜெக்ட் பாக்ஸ்லயும் அப்படி ஒண்ணு ஒட்டுங்களேன். வைவால எக்ஸ்டர்னல் கேட்கிறதுக்கு முன்னாடியே பதில் ரெடி!