ஒதுக்கிவைத்த பாதியைப் படிப்போம்

மனித மரபணுத்தொகுதியில் புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கிய பகுதி ஏறத்தாழ 2 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதி, ஒரே மாதிரியான டிஎன்ஏ எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதி. 1972-இல் மரபியலாளர் சுசுமு ஓனோ பரவலாக்கிய ‘குப்பை டிஎன்ஏ’ என்ற பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. இதில் எல்லாமே பயனுள்ளவை என்று சொல்லிவிட முடியாது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்தறியும் பணி பெருமளவு மிச்சமிருக்கிறது. இளம் ஆய்வாளர்களுக்கு இதைவிட வளமான களம் குறைவு.

திரும்பவரும் தொடரும் வேலை செய்யும் என்பதற்கு, அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்கும் ‘ஃபிராஜைல் எக்ஸ்’ என்ற பரம்பரை நோயைப் பாருங்கள். எஃப்எம்ஆர்1 மரபணுவின் தொடக்கத்தில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து பெரும்பாலோருக்குச் சுமார் 30 முறை வரும். அது 200-ஐத் தாண்டினால், அப்பகுதியில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் படிந்து மரபணு அடங்கிவிடுகிறது. புரதத்துக்கான குறிப்பில் பிழையே இல்லை; ஆனாலும் புரதம் உருவாவதில்லை. இப்படித் திரும்பவரும் அடுக்கின் நீளமே மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது.

இத்துறையில் இந்தியாவுக்கு நல்ல மரபு உண்டு. பட்டைக் கட்டுவிரியனின் டிஎன்ஏவில் கண்ட திரும்பவரும் தொடரைக் கொண்டுதான் விஞ்ஞானி லால்ஜி சிங், ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சிசிஎம்பி) டிஎன்ஏ ரேகை முறையை வளர்த்தெடுத்தார். அத்தொடரில் உள்ள ஜிஏடிஏ என்ற நாலெழுத்து அடுக்கு, ஒரு மரபணுவைத் தூண்டும் சமிக்ஞை அடுத்த மரபணுவை எட்டாமல் தடுக்கும் எல்லையாகச் செயல்படக்கூடும் என்று அதே நிறுவனத்தின் ஆய்வு 2013-இல் காட்டியது.

இப்போது கருவிகளும் கூடியிருக்கின்றன. 2003-இல் மனித மரபணுத்தொகுதித் திட்டம் முடிந்தபோது எட்டாமல் விடப்பட்ட 8 சதவீதத்தை, நீளமாக வாசிக்கும் தொழில்நுட்பத்தால் 2022-இல் படித்து முடித்தார்கள். ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் சுமார் 10 ஆயிரம் பேரின் மரபணுத்தொகுதித் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. ஆனால் அவை குறுவாசிப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 எழுத்து. 200 சிஜிஜி அடுக்கோ 600 எழுத்து. அதை முழுதாகத் தாண்ட நீள்வாசிப்பு வேண்டும். இந்திய மக்களிடையே இந்த அடுக்குகள் எப்படி வேறுபடுகின்றன என்பதே பல முனைவர் பட்டங்களுக்கான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை காண மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். நீள்வாசிப்புக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழக உயிரியல் துறைகள் கணினிப் பகுப்பாய்வைக் கட்டாயப் பாடமாக்கி, மருத்துவக் கல்லூரிகளுடன் கூட்டு நெறியாளர் முறையைக் கொண்டுவர வேண்டும். 2023-இல் மாதத்துக்கு 37 ஆயிரம் ரூபாயாக உயர்ந்த இளநிலை ஆய்வு உதவித்தொகை, மாதந்தோறும் தவறாமல் மாணவர் கைக்குச் சேர வேண்டும். ஐந்தாண்டு பொறுமை கேட்கும் ஆய்வை, அடுத்த மாத வாடகைக்குத் தவிக்கும் மாணவரிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.