பழைய பெட்டியில் தூங்கும் தமிழ்

கூலிம், சுங்கைப்பட்டாணி பக்கம் தோட்டங்கள் பல மூடப்பட்டு, நம்மவர்கள் தாமானுக்குக் குடிவந்துவிட்டார்கள். கூடவே வந்த விண்டோஸ் 98 கணினி உங்கள் வீட்டு மூலையில் கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ், தாத்தா சொல்லச் சொல்ல அப்பா தட்டிய குடும்பக் கதை எல்லாம் அதற்குள் இருக்கலாம்.

அதற்கு வைஃபை தெரியாது. பின்புறம் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை இருந்தால் போதும். 1990இல் வந்த 10 மெகாபிட் இணைப்பையும் இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் ஏற்கும். ஆனால், முதலில் ரூட்டருக்கு வரும் இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் 98க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006இலேயே நின்றுவிட்டன.

பழைய கோப்புப் பகிர்வு முறையைப் புதிய மடிக்கணினியில் திறந்துவிட வேண்டாம். 2017இல் உலகை உலுக்கிய வானாக்ரை வைரஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. மடிக்கணினியில் எஃப்டிபி செர்வர் ஒன்றை ஓடவிட்டு, விண்டோஸ் 98இல் உள்ள எஃப்டிபி கட்டளை மூலம் கோப்புகளை அனுப்புங்கள்.

திறந்தால் எழுத்து கோணல்மாணலாக வருகிறதா? பதறாதீர்கள். அது யூனிகோடு பரவுமுன் தட்டிய தமிழ். அன்று நம் நாட்டில் பலர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய கணினியில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற யூனிகோடு மாற்றியில் போடுங்கள். தமிழ் திரும்பி வரும்.

கெடாவில் வெள்ளி, சனி விடுமுறைதானே? ஒரு கேபிள் வாங்கி உட்காருங்கள். கதை சொன்ன தாத்தா வீட்டில் இருந்தால், முதல் பக்கத்தை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.